மோலிலிருந்து அணுவுக்கு: எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது?

பாலக்கோடு பிளஸ் ஒன்
எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கத்து அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். வேதியியலில் முதல் பாடத்தையே தாண்ட முடியவில்லை. ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள், அதுதான் அவகாட்ரோ எண் என்பது மனப்பாடமாகத் தெரியும். அதை எந்தக் கணக்கில் பெருக்க வேண்டும், எதில் வகுக்க வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. இரண்டு கணக்குகளைத் தருகிறேன்.

ஒன்று: 5.4 கிராம் அலுமினியத்தில் எத்தனை அணுக்கள் உள்ளன?
மற்றொன்று: 3.011 × 10²² ஆக்சிஜன் அணுக்கள் எத்தனை மோல்?

முதலாவதில் 1.2 × 10²³ வந்தது, விடைப் பக்கத்தோடு ஒத்துப்போகிறது. இரண்டாவதையும் அதே போலப் பெருக்கினால் 1.8 × 10⁴⁶ வருகிறது. புத்தகத்தில் 0.05 என்று போட்டிருக்கிறார்கள். ஏன்? அடுத்த வாரம் தேர்வு. யாராவது சொல்லித் தாருங்கள்.

முக்கோணம்
இதற்கு இவ்வளவு கவலை வேண்டாம் தங்கையே. ஒரு முக்கோணம் வரைந்துகொள். மேலே அணுக்களின் எண்ணிக்கை. கீழே இடப்பக்கம் மோல், வலப்பக்கம் அவகாட்ரோ எண். எது வேண்டுமோ அதை விரலால் மறை. மீதி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பெருக்கு, மேலும் கீழுமாக இருந்தால் வகு. முடிந்தது. நான் தருமபுரியில் நீட் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் கிடைத்தாலே பெரிது, அங்கே தத்துவம் பேச நேரமில்லை.

ஓசூர் லேத்
வேதியியல் ஆசிரியர்கள் வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1.8 × 10⁴⁶ மோல் ஆக்சிஜன் அணு என்றால் எடை எவ்வளவு? ஒரு மோலுக்கு 16 கிராம் வீதம் ஏறத்தாழ 2.9 × 10⁴⁴ கிலோ. சூரியனின் நிறையே 2 × 10³⁰ கிலோதான். ஆகக் கேள்வித்தாளில் அந்த ஒரு வரிக்குள் சுமார் 145 லட்சம் கோடி சூரியன்களை அடைத்திருக்கிறீர்கள். தொழிற்சாலையில் நாங்கள் விடையின் உருவத்தைப் பார்த்துவிட்டுத்தான் உலோகத்தின் மேல் கருவியை வைப்போம். காகிதத்திலும் அப்படிப் பார்க்கலாம்.

தகடூர் ஆசிரியர்
லேத் தம்பி சிரிக்க வைத்துவிட்டார், ஆனால் சொன்னது சரி. இனிக் கணக்குக்கு வருகிறேன்.

அம்மா, 6.022 × 10²³ என்பதை வெறும் எண்ணாக எழுதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடு. "ஒரு மோலுக்கு 6.022 × 10²³ அணுக்கள்" என்று அலகோடு எழுது. பெருக்குவதா வகுப்பதா என்பதை நீ முடிவு செய்ய வேண்டியதில்லை, அலகு முடிவு செய்யும்.

உன் முதல் கணக்கில் உண்மையில் இரண்டு படிகள் இருக்கின்றன. அலுமினியத்தின் அணு நிறை 27. எனவே ஒரு மோல் 27 கிராம்.

5.4 கிராம் × (1 மோல் / 27 கிராம்) = 0.2 மோல்
0.2 மோல் × (6.022 × 10²³ அணு / 1 மோல்) = 1.2044 × 10²³ அணு

முதல் வரியில் கிராம் அடிபட்டது, இரண்டாவது வரியில் மோல் அடிபட்டது. கேட்டது அணு, மிஞ்சியதும் அணு.

இரண்டாவது கணக்கில் கையில் இருப்பது அணு, கேட்பது மோல். நீ பெருக்கினாய் அல்லவா? அப்போது அலகையும் சேர்த்து எழுதியிருந்தால் "அணு × அணு / மோல்" என்று வந்திருக்கும். அப்படி ஒரு பொருள் உலகில் கிடையாது. அந்த இடத்திலேயே பேனா நின்றிருக்கும். திருப்பிப் போட வேண்டும்:

3.011 × 10²² அணு × (1 மோல் / 6.022 × 10²³ அணு) = 0.05 மோல்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் என் கருத்து: இந்தப் பாடத்தில் மாணவர்கள் தடுமாறுவது வேதியியலில் அல்ல, பத்தின் அடுக்கில். 3.011-ஐ 6.022-ஆல் வகுத்தால் 0.5. அது தனி. 10²²-ஐ 10²³-ஆல் வகுத்தால் 10⁻¹. அதுவும் தனி. இரண்டையும் கடைசியில் சேர்த்தால் 0.05. ஒரே மூச்சில் செய்யப் போனால்தான் அடுக்குகள் குழம்பிவிடுகின்றன. கணக்கைத் தொடுமுன்பே அடுக்கைப் பார்: 22 என்பது 23-க்குக் குறைவு, ஆகவே விடை ஒரு மோலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

முக்கோணத்தைக் குறை சொல்லவில்லை. எது மேலே, எது கீழே என்பது தேர்வு அறையில் மறந்துபோனால் முக்கோணக்காரனிடம் வேறு எதுவும் மிஞ்சாது என்பதுதான் என் பயம்.

முக்கோணம்
ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அலகு எழுதும் மாணவன் மூன்று வரி எழுதுவான், என் மாணவன் ஒரு வரியில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவான்.

ஊத்தங்கரை உழவன்
உங்கள் முக்கோணத்திடம் ஒரு கேள்வி. என் வீட்டில் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று இருக்கிறது. அதில் எத்தனை நைட்ரஜன் அணுக்கள்? மகன் நீங்கள் சொல்லும் முறையில்தான் போட்டான். 45,000 கிராம், யூரியாவின் மூலக்கூறு நிறை 60, எனவே 750 மோல். அதுவரை சரி. உடனே 750-ஐ அவகாட்ரோ எண்ணால் பெருக்கி, 4.5 × 10²⁶ அணுக்கள் என்று எழுதி வைத்திருக்கிறான். இது சரியா? எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் லேசாகத்தான் நினைவிருக்கிறது.

தகடூர் ஆசிரியர்
நல்ல கேள்வி கேட்டீர்கள். பையன் கண்டது மூலக்கூறுகளின் எண்ணிக்கை. யூரியாவின் வாய்பாட்டில் இரண்டு NH₂ தொகுதிகள் உள்ளன, அதாவது ஒரு மூலக்கூறுக்கு இரண்டு நைட்ரஜன் அணுக்கள். எனவே நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது:

750 மோல் யூரியா × (2 மோல் நைட்ரஜன் அணு / 1 மோல் யூரியா) = 1500 மோல் நைட்ரஜன் அணு
1500 × 6.022 × 10²³ = 9.03 × 10²⁶ அணுக்கள்

சரிபார்க்க மூட்டையே போதும். 1500 மோல் நைட்ரஜனின் நிறை 1500 × 14 = 21,000 கிராம், அதாவது 21 கிலோ. 45-இல் 21 என்பது 46.7 சதவீதம். மூட்டையின் மேல் 46 சதவீதம் நைட்ரஜன் என்று அச்சிட்டிருப்பார்கள். தூய யூரியாவுக்கான கணக்குக்கும் கடையில் வாங்கும் உரத்துக்கும் அந்தச் சிறு இடைவெளி இருக்கத்தான் செய்யும்.

"ஒரு மோல் ஆக்சிஜன்" என்று கேள்வியில் வரும்போதும் இதே பள்ளம்தான். ஆக்சிஜன் மூலக்கூறு என்றால் 32 கிராம், அதில் அணுக்கள் 1.2044 × 10²⁴. ஆக்சிஜன் அணு என்றால் 16 கிராம், 6.022 × 10²³. எதன் மோல் என்பதை எழுதாத மோல், பெயர் எழுதாத கடிதம். முக்கோணத்தில் அந்தப் பெயருக்கு இடமே இல்லை.

முக்கோணம்
இந்த இடத்தில் ஐயா சொல்வதை ஏற்கிறேன். மூலக்கூறு வரும் கணக்குகளுக்கு வகுப்பில் தனியாக ஒரு குறிப்பு கொடுத்துத்தான் வருகிறேன். மற்றவற்றுக்கு முக்கோணம் என் கட்சி, மாறாது.

காவேரிப்பட்டணம் மண்டி
நான் படித்தது வணிகவியல். இந்த இழையைப் படித்ததும் எங்கள் தொழில்தான் நினைவுக்கு வந்தது. சீசனில் மாங்கூழ் தொழிற்சாலைக்கு பெங்களூரா ரக மாங்காய் லாரி லாரியாகப் போகும். ஒரு காயையும் எவரும் எண்ணுவதில்லை. எடை மேடையில் ஏற்றுவோம், 9 டன் என்று வரும். ஒரு காய் சராசரியாக 450 கிராம் என்றால் லாரியில் 20,000 காய்கள். எடையைப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்கிறோம். நீங்கள் அணுவுக்குச் செய்வதும் இதுதானே?

ஓசூர் லேத்
அருமை அண்ணா. ஆனால் காய்க்குக் காய் எடை வேறுபடும். அணுக்கள் எல்லாம் ஒரே எடை அல்லவா?

தகடூர் ஆசிரியர்
ஒரே தனிமத்தின் அணுக்கள்கூட எல்லாத் தனிமங்களிலும் ஒரே எடையில் இருப்பதில்லை. குளோரினை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கையில் கிடைக்கும் குளோரினில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 35 நிறை கொண்ட ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வேறு நிறை கொண்ட அணு வகை), மீதி 37. அதனால்தான் அட்டவணையில் 35.5 என்ற அரைகுறை எண். 35.5 நிறை கொண்ட குளோரின் அணு ஒன்றைக்கூட உலகில் எங்கும் பிடித்துக் காட்ட முடியாது, அது சராசரி. மண்டிக்காரரின் 450 கிராமைப் போலத்தான். கோடிக்கணக்கில் எடுக்கும்போது சராசரி மிகத் துல்லியமாக வேலை செய்கிறது. ஃபுளூரின், அலுமினியம் போன்ற சில தனிமங்களில் மட்டும் இயற்கையில் ஒரே ஐசோடோப்புதான்.

பென்னாகரம் நீர்
ஃபுளூரின் பெயர் வந்ததால் உள்ளே வருகிறேன். தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேதியியல் படிக்கிறவர்களுக்கு மோல் கணக்கைச் சொல்லித்தர அலுமினியம் எதற்கு? ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் போதும். நம் பகுதியின் பாறைகளில் ஃபுளூரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன, அவை நிலத்தடி நீரில் கரைந்து வருகின்றன. பல் காவிக் கறை படிந்த பெரியவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டபோது அதன் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் (ஃபுளூரைடு மிகுவதால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் நோய்) பாதிப்புக் குறைப்பு என்பது இருந்தது.

இந்தியக் குடிநீர்த் தரப்படி ஃபுளூரைடு ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. ஃபுளூரினின் அணு நிறை 19. அந்த 1.5-ஐ எண்ணிக்கையாக மாற்றுவோம்.

0.0015 கிராம் × (1 மோல் / 19 கிராம்) = 7.9 × 10⁻⁵ மோல்
7.9 × 10⁻⁵ மோல் × 6.022 × 10²³ = 4.75 × 10¹⁹ அயனிகள்

அனுமதிக்கப்பட்ட எல்லையிலேயே ஒரு லிட்டரில் இத்தனை. எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அதே லிட்டரில் தண்ணீர் 1000 / 18 = 55.5 மோல். 55.5-ஐ 7.9 × 10⁻⁵ ஆல் வகுத்தால் சுமார் ஏழு லட்சம். அதாவது ஏழு லட்சம் நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே ஒரே ஒரு ஃபுளூரைடு அயனி. அந்த விகிதத்தைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்காகக் குடித்தால்தான் பல்லும் எலும்பும் பேசத் தொடங்குகின்றன.

அரூர் அம்மா
கணக்கு எனக்குப் புரியாது, குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்த ஃபுளூரைடு போய்விடுமா?

பென்னாகரம் நீர்
போகாது அம்மா. கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகிறது, ஃபுளூரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடும். மோல் மாறாது, லிட்டர் குறையும். எனவே மிஞ்சிய தண்ணீரில் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும். கிருமிக்குக் கொதிக்க வையுங்கள், ஃபுளூரைடுக்கு அது மருந்தல்ல. குழாயில் வரும் காவிரி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, ஆழ்துளை நீரை மற்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு பிளஸ் ஒன்
அண்ணா, ஆய்வகத்தில் உண்மையாகவே மோல் கணக்கு போடுவீர்களா? மில்லிகிராமிலேயே எல்லாம் முடிந்துவிடும் அல்லவா? தேர்வுக்காக மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பென்னாகரம் நீர்
இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஃபுளூரைடை அளக்கும் கருவியை முதலில் அளவு தெரிந்த ஒரு திட்டக் கரைசலில் வைத்துப் பழக்க வேண்டும். ஒரு லிட்டரில் 100 மில்லிகிராம் ஃபுளூரைடு உள்ள கரைசல் தயாரிக்க, சோடியம் ஃபுளூரைடை 221 மில்லிகிராம் எடுத்து ஒரு லிட்டராக்கச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருக்கும். அது ஏன் 221 என்று யோசித்துப் பார்.

ஃபுளூரைடை மட்டும் தனியாகப் புட்டியில் வாங்க முடியாது. சோடியம் போன்ற ஒன்றோடு சேர்ந்துதான் வரும். 100 மில்லிகிராம் ஃபுளூரைடு என்பது 100 / 19 = 5.263 மில்லிமோல். சோடியம் ஃபுளூரைடில் ஒரு சோடியத்துக்கு ஒரு ஃபுளூரைடு. எனவே அதுவும் 5.263 மில்லிமோல் வேண்டும். அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 42 கிராம். 5.263 × 42 = 221. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைத் தாண்டிப் போனவர்கள் உண்டு. ஓர் ஆய்வகத்தில், பெயர் வேண்டாம், புதிதாக வந்த ஒருவர் 100 மில்லிகிராம் சோடியம் ஃபுளூரைடையே நிறுத்துப் போட்டு, 100 ஃபுளூரைடு என்று சீட்டு ஒட்டிவிட்டார். உண்மையில் அதில் இருந்தது 45 மட்டும். அந்தக் கரைசலை நம்பிய கருவி, எல்லா ஊர்த் தண்ணீரையும் இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள நல்ல தண்ணீர் 2.2 என்று வந்தது. ஒரு கிராமத்தின் கிணற்றை மூடச் சொல்லி அறிக்கை போகும் அளவுக்கு வந்து நின்றது.

இன்னொரு கணக்கு, எனக்கு மிகவும் பிடித்தது. கால்சியமும் ஃபுளூரைடும் சேர்ந்து கால்சியம் ஃபுளூரைடாகப் படியும். 40 கிராம் கால்சியம் 38 கிராம் ஃபுளூரைடைப் பிடிக்கும். எடையை மட்டும் பார்க்கிறவனுக்கு ஒன்றுக்கு ஒன்று போலத் தெரியும். மோலாக மாற்றினால் கால்சியம் 1, ஃபுளூரைடு 2. வினை எண்ணிக்கையில்தான் நடக்கிறது, தராசில் அல்ல. கால்சியம் குறைந்த தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம் கரைந்து கிடப்பதற்கும் இந்தச் சேர்க்கைதான் காரணம். பிடித்துப் படிய வைக்க ஆள் இல்லை.

ஓசூர் லேத்
ஒரு சந்தேகம். என் காலத்துப் பாடப்புத்தகத்தில் "12 கிராம் கார்பன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை" என்று மோலுக்கு வரையறை இருந்தது. இப்போது அது மாறிவிட்டது என்று எங்கோ படித்தேன்.

தகடூர் ஆசிரியர்
மாறிவிட்டது. 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். முன்பு கார்பனை வைத்து மோலை வரையறுத்து, எண்ணை அளந்து கண்டுபிடித்தார்கள். இப்போது எண்ணை நிலையாக வைத்துவிட்டார்கள். ஒரு மோல் கார்பன்-12 இன் நிறை 12 கிராம் என்பதுதான் அளந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது. வேறுபாடு நூறு கோடியில் ஒரு பங்கு அளவில்தான், பள்ளிக் கணக்கை அது தொடாது.

அந்த எண்ணை அவ்வளவு துல்லியமாகப் பெற்ற விதம் லேத்காரருக்குப் பிடிக்கும். ஏறத்தாழ முழுவதும் சிலிக்கான்-28 மட்டும் உள்ள ஒரு கிலோ படிகத்தை, மனிதர் செய்தவற்றில் மிக உருண்டையானவை என்று சொல்லத்தக்க கோளமாகக் கடைந்தார்கள். எக்ஸ் கதிரால் அணுக்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அளந்தார்கள். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டமான ஒவ்வோர் அலகுக் கூட்டிலும் எட்டு அணுக்கள். கோளத்தின் கன அளவைக் கூட்டின் கன அளவால் வகுத்து எட்டால் பெருக்கினால் அணுக்களின் மொத்த எண்ணிக்கை.

அவகாட்ரோவுக்கே இந்த எண் தெரியாது என்பது பலருக்குப் புதிதாக இருக்கும். அவர் 1811-இல் சொன்னது, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்பது மட்டும். எண்ணுக்கு அவர் பெயரை வைத்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் பெரென், 1909-இல்.

ஓசூர் லேத்
கோளம் கடைந்தார்கள் என்றதும் என் வேலைக்கு மரியாதை கூடிவிட்டது. நன்றி ஐயா.

தகடூர் ஆசிரியர்
பாலக்கோட்டுப் பிள்ளைக்கு ஒரு கணக்கு. நம் வீட்டுக் களிக்கான கேழ்வரகு 100 கிராமில் கால்சியம் சுமார் 344 மில்லிகிராம். கால்சியத்தின் அணு நிறை 40. எத்தனை மோல், எத்தனை அணு? அலகோடு எழுது.

பாலக்கோடு பிளஸ் ஒன்
0.344 கிராம் × (1 மோல் / 40 கிராம்) = 0.0086 மோல்
0.0086 மோல் × (6.022 × 10²³ அணு / 1 மோல்) = 5.17892 × 10²¹ அணு

0.0086 என்பது 0.1-க்கும் கீழே இருப்பதால் விடையின் அடுக்கு 23-க்குக் குறைவாக வரும் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டேன். சரியா ஐயா?

தகடூர் ஆசிரியர்
முழு மதிப்பெண்.

பென்னாகரம் நீர்
ஆய்வகக்காரன் அரை மதிப்பெண் குறைப்பேன். 344 என்ற எண்ணில் மூன்று இலக்கங்கள்தான் நம்பகமானவை, அதற்கும் முன்னால் "சுமார்" நிற்கிறது. விடையில் ஆறு இலக்கங்கள் எங்கிருந்து வந்தன? அணு நிறையை 40-க்குப் பதில் 40.08 என்று எடுத்தால் 5.17 × 10²¹, 40 என்றால் 5.18 × 10²¹. மூன்றாவது இலக்கமே ஆடுகிறது. 5.2 × 10²¹ என்று எழுது, போதும்.

முக்கோணம்
நீட் தாளிலும் நான்கு விடைகளில் 5.2 × 10²¹ என்றுதான் கொடுப்பார்கள். பக்கத்திலேயே 5.2 × 10²⁵ என்றும் ஒன்று இருக்கும், முதலில் அதை அடித்துவிடு.